மரணப் பள்ளத்தாக்கின் மாளிகையும் மண்வீடுகளும்

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரணப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. டெத் வலி என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அந்தப் பாலைநிலத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆவலில் நான் அமெரிக்கா சென்றதில்லை. என் பயணப் பையில் ஓர் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருந்தது. அதில் அக்காவின் ஒப்பத்தைப் பெற்றுவருவதே பயணத்தின் நோக்கம்.

வலிகாமம் வடக்கில் எங்கள் பெற்றோர் அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் காணியும் இருந்தன. 1982 இல் அவருக்குத் திருமணமானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் அத்தானுடன் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். ஆக, அந்த வீட்டில் அவர் குடும்பம் நடத்திய காலம் ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதன் பின்னர் அம்மாவும் அப்பாவும் நானும் அங்கிருந்தோம். 1990 ஜூனில், உடுத்த உடையோடும் கையில் அகப்பட்ட பொருட்களோடும் நாங்களும் வெளியேறினோம். அப்போது எனக்கு இருபது வயது. ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று அப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டார். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த அந்தக் காணியில் மீண்டும் காலடி வைக்க எனக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அதைப் பாராமலேயே காலமாகிவிட்டனர்.

வீடு அங்கு இருக்கவில்லை. சுவரோ அத்திவாரமோ இல்லை. அயலில் எவருடைய வீடும் இல்லை. ஒழுங்கைகள் மறைந்து போயிருந்தன. கிணற்றை வைத்தே இது எங்கள் காணி என்று அடையாளம் கண்டேன்.

அந்தக் காணியை வாங்க ஒருவர் முன்வந்தார். விலையும் நியாயமானதாகவே இருந்தது. அக்காவின் பிள்ளைகள் எவரும் அங்கு வந்து குடியிருக்கப் போவதில்லை. கொழும்பில் பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்துவிட்ட நானும் இனி அங்கு போய் வீடு கட்டப் போவதில்லை. எனவே, திங்கட்கிழமை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குச் சென்று அக்கா ஒப்பமிடுவதென்று ஏற்பாடாகியிருந்தது. இடையில் ஒரு வார இறுதி இருந்தது.

"தம்பி, இவ்வளவு தூரம் வந்தனீ. ஒரு இடமும் பாக்காமல் போறதே?" என்றார் அக்கா. மருமகன் வாகனத்தைச் செலுத்த, சனிக்கிழமை அதிகாலை மூவரும் புறப்பட்டோம். அத்தான் மறைந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

பூங்கா என்றதும் பூஞ்செடிகளையும் ஊஞ்சலையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். 13,700 சதுர கிலோமீற்றர் அளவுள்ள நிலப்பரப்பு அது. இலங்கைத் தீவின் ஐந்தில் ஒரு பங்கு என்றால் அதன் விரிவு விளங்கும். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் வருடத்துக்குச் சராசரியாக ஐம்பது மில்லிமீற்றர் மழைதான் பெய்கிறது. 1913 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் திகதி இங்கு பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பம், அறிஞர் சிலர் ஐயம் எழுப்பிய போதிலும், பூமியில் பதிவான அதியுயர் வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் உள்ளது. பெப்ரவரி மாதம் அங்கே மார்கழி மாத யாழ்ப்பாணம் போலிருக்கும். ஆகையால் சுற்றுலாப் பயணிகள் திரளும் காலமும் அதுவே.

கிழக்குப் பக்கமாக நுழைபவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது சபிரிஸ்கி முனை. சிறிய ஏற்றமொன்றில் ஏறி நின்று பார்த்தால், மஞ்சளும் காவியும் சாம்பலுமாக மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் குன்றுகள். பல இலட்சம் வருடங்களுக்கு முன்னர் இங்கிருந்த ஏரியொன்றின் அடியில் படிந்த சேறு அது. பின்னர் மேலெழும்பி, அபூர்வமாகப் பெய்யும் மழையால் அறுக்கப்பட்டு இவ்வடிவம் பெற்றது. அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "தோய்ச்ச சீலையைப் பிழிஞ்சு காயப்போட்ட மாதிரி" என்றார். அதைவிடச் சிறந்த வர்ணனையை நான் எந்த வழிகாட்டி நூலிலும் காணவில்லை.

சபிரிஸ்கி என்பவர் யார் என்று பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் வெண்காரம் அகழ்ந்த கம்பனியின் உபதலைவராக இருந்தவர் அவர். இயற்கை பல இலட்சம் வருடங்களாகச் செதுக்கிய காட்சிக்குக் கம்பனி அதிகாரி ஒருவரின் பெயர்! ஏனைய பெயர்களும் அப்படித்தான். இறுதிச் சடங்கு மலைகள், நரக வாசல், பிசாசின் கோல்ப் மைதானம், கெட்ட நீர் என்று வரைபடம் முழுவதும் சாவும் நரகமும்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் தாய்ப்பெயரான மரணப் பள்ளத்தாக்கு என்பது 1849 இல் வந்தது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு மாட்டுவண்டிகளில் புறப்பட்ட கூட்டத்தினர் சிலர், குறுக்குவழி தேடி இங்கு வந்து அகப்பட்டுக்கொண்டனர். வண்டிகளை எரித்து, இழுத்துவந்த மாடுகளை வெட்டி இறைச்சியை வற்றலாக்கி உண்டு, ஒருவாறு வெளியேறினர். மலையேறிக் கடக்கும்போது ஒருவர் திரும்பிப் பார்த்து, மரணப் பள்ளத்தாக்குக்கு விடை கூறியதாகவும் அதுவே பெயராக நிலைத்ததாகவும் சொல்லப்படுகிறது. அவர்களில் பள்ளத்தாக்கில் இறந்ததாக அறியப்படுபவர் ஒருவரே. சில வாரங்கள் வழிதவறித் தவித்தவர்கள் வைத்த பெயர் உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. ஆயிரம் வருடங்களுக்கும் மேலாக அங்கு பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் அந்த நிலத்தை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அந்த மக்களின் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழேயுள்ள கெட்ட நீர்ப் படுகையில் எங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. உப்புவெளியாகக் கிடக்கவேண்டிய இடத்தில் ஏரி இருந்தது. 2023 ஓகஸ்ட் மாதம் 20 ஆம் திகதி ஹிலறி சூறாவளியின் எச்சம், ஒரு வருடத்தில் பெய்யவேண்டிய மழையை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அதனால் உண்டான ஏரி வற்றி முடியுமுன்னரே 2024 பெப்ரவரி மழை அதை மீண்டும் நிரப்பியது. கணுக்கால் அளவு நீரில் பனிமலைகளின் நிழல் விழுந்து கிடந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நீரைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எங்கட உப்பளம் தான்" என்றார். அந்த ஏரி நிலைக்கவில்லை. அடுத்து வந்த மாதங்களில் வற்றிப்போயிற்று.

பூங்காவின் பழைய கட்டடங்களில் ஒன்றான ஹார்மனி வெண்கார ஆலையின் சிதைவுகளை அன்று மாலை பார்த்தோம். வெண்காரம் நமக்குப் புதிய பொருளன்று. நமது பொற்கொல்லர்கள் நகைக்குப் பற்றுவைக்கும்போது பயன்படுத்துவது அதுதான். 1883 முதல் 1888 வரை ஐந்து வருடங்கள் மட்டும் இயங்கிய ஆலை இது. சீனத் தொழிலாளர்கள் உப்புவெளியில் நடந்து வெண்காரத்தைச் சுரண்டிச் சேர்த்தனர். ஆலையில் கொதிக்கவைத்துத் தெளிந்ததை, பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டித் தொடர்கள் 165 மைல் தூரத்திலுள்ள மொஹாவே புகையிரத நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. கோடையில் ஆலையை மூடிவிடுவார்களாம். தொழிலாளரின் நன்மைக்காக என்று எண்ணிவிட வேண்டாம். வெப்பம் கூடினால் வெண்காரம் படிகமாகாது என்பதே காரணம்.

கழுதை வண்டிகள் பிற்காலத்தில் சவர்க்காரத் தூள் விளம்பரத்தில் இடம்பெற்று அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றன. வண்டி அங்கே காட்சிக்கு நிற்கிறது. வெண்காரம் சுரண்டிய சீனர்கள் தங்கிய குடில்களில் பார்க்கத்தக்கதாக எதுவும் எஞ்சவில்லை.

பூங்காவின் மிகப் புகழ்பெற்ற கட்டடம் ஸ்கொட்டி மாளிகை. ஸ்கொட்டியின் கோட்டை என்றே அதனை அழைக்கிறார்கள். அதனைக் காண எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2015 ஒக்டோபரில் மலைவெள்ளம் பாய்ந்து சாலையையும் குடிநீர்க் குழாய்களையும் அடித்துச் சென்றதிலிருந்து அது மூடப்பட்டிருந்தது. 2021 இல் அவ்வளவில் இருந்த பழைய வாகனக் கொட்டகையும் தீக்கிரையானது. ஆனால், அதன் கதை பார்ப்பதைவிடக் கேட்பதற்குச் சுவையானது.

வோல்டர் ஸ்கொட் என்பவர் குதிரைச் சாகசக் காட்சிகளில் நடித்தவர். மரணப் பள்ளத்தாக்கில் தன்னிடம் இரகசியத் தங்கச் சுரங்கம் இருக்கிறது என்று கூறிச் செல்வந்தர்களிடம் பணம் கறந்தவர். அப்படி ஏமாந்தவர்களில் ஒருவர் சிக்காகோவைச் சேர்ந்த காப்புறுதிக் கம்பனி அதிபர் அல்பேர்ட் ஜோன்சன். சுரங்கத்தைப் பார்க்க வந்த ஜோன்சன், சுரங்கம் இல்லை என்பதை அறிந்துகொண்டார். ஆனால், பாலைவனமும் பொய் சொன்ன மனிதனும் அவருக்குப் பிடித்துப் போயின. 1922 இல் ஸ்பானியப் பாணி மாளிகையொன்றைக் கட்டத் தொடங்கினார். ஓடு வேய்ந்த கூரை, மணிக்கூட்டுக் கோபுரம், இசைக் கூடத்தில் காற்றுக்குழல் ஓர்கன் என்று எதிலும் குறைவைக்கவில்லை. அது தன் சுரங்கப் பணத்தில் கட்டியது என்று ஸ்கொட் ஊரெல்லாம் சொல்லித் திரிய, பணம் கொடுத்த ஜோன்சன் சிரித்துக்கொண்டு நின்றார்.

1931 இல் கட்டட வேலை நின்றது. ஜோன்சன் வாங்கியதாக எண்ணியிருந்த காணி வேறு, அவர் மாளிகை கட்டிய காணி வேறு என்பது நில அளவையில் தெரியவந்தது. மாளிகை நின்றது அரசாங்க நிலத்தில். 1933 இல் ஜனாதிபதி ஹூவர் அப்பிரதேசத்தைத் தேசிய நினைவுப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தபோது அந்நிலமும் அதற்குள் அடங்கியது. அப்போது என்ன நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜோன்சனுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் 1935 இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1937 இல் ஏக்கர் ஒன்று ஒன்றேகால் டொலர் வீதம் அக்காணி அவருக்கு விற்கப்பட்டது. பின்னர் 1970 இல் தேசியப் பூங்காச் சேவை 850,000 டொலர் கொடுத்து அம்மாளிகையை வாங்கிப் பாதுகாத்தது.

தவறுதலாக இன்னொருவர் நிலத்தில் வீடு கட்டிய செல்வந்தருக்கு இரண்டு வருடங்களில் சட்டம் வந்தது. அது பிழை என்று நான் சொல்லவில்லை. கட்டிய வீட்டை இழப்பது யாருக்கும் கொடுமைதான். ஆனால், அதே பள்ளத்தாக்கில் வேறு வீடுகளும் இருந்தன.

டிம்பிஷா ஷொஷோனி என்பவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். டிம்பிஷா என்பது அங்குள்ள மலையிலிருந்து எடுத்து முகத்தில் பூசும் செங்காவியைக் குறிக்கும் சொல். மாரியில் பள்ளத்தாக்கின் ஊற்றுகளை அண்டி வாழ்வார்கள். கோடையில் மேற்கே பனமின்ற் மலைக்கு ஏறிவிடுவார்கள். கீழே மெஸ்கீற் மரத்தின் காய்கள், மேலே பைன் மரத்தின் கொட்டைகள் என்று அவர்களுக்கு நிலம் இரண்டு அடுக்காக உணவளித்தது. மரணப் பள்ளத்தாக்கு என்ற பெயரை அவர்கள் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. உயிர் தந்த இடத்துக்குச் சாவின் பெயரா என்பது அவர்களது கேள்வி.

ஊற்றுகள் இருந்த பேர்னஸ் கிறீக் பகுதியை வெண்காரக் கம்பனி தனதாக்கிக்கொண்டது. வெண்கார வருமானம் குறைந்ததும் கம்பனி சுற்றுலாவில் இறங்கி, 1927 இல் அங்கே ஆடம்பர ஹோட்டலொன்றைத் திறந்தது. பேரீச்சந் தோப்புக்கு நடுவே நீரூற்று ஓடும் அந்த ஹோட்டலை நாங்களும் பார்த்தோம். தூரத்தில் அந்த மரங்களைக் கண்டதும் அக்கா, "பனங்கூடல் போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு, கிட்டச் சென்றதும் மௌனமாகிவிட்டார். அந்த ஹோட்டலைக் கட்டுவதற்கான மண்கற்களை அரிந்து கொடுத்தவர்கள் ஷொஷோனித் தொழிலாளர்கள். ஜோன்சனின் மாளிகையைக் கட்டும் வேலையிலும் அவர்கள் இருந்தனர்.

பலதடவை இடம் மாற்றப்பட்ட அம்மக்களுக்கு 1936 இல் நாற்பது ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டு, மண்கல்லால் சிறு வீடுகள் சில கட்டிக் கொடுக்கப்பட்டன. நிலம் அவர்களுக்கு உரிமையாக்கப்படவில்லை. 1957 இல் பூங்காச் சேவை ஒரு வீடமைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி வெறுமையாகும் வீடு அழிக்கப்படும். புதியவர் எவரும் குடிவர முடியாது. வருடந்தோறும் கோடை வெப்பத்துக்கு மலைக்குச் சென்று திரும்புவது அவர்களது மரபு என்று மேலே சொன்னேன். அப்படிச் சென்றிருந்தபோது, குடியில்லா வீடுகள் என்று கூறி, குழாயால் நீரைப் பீய்ச்சியடித்து அவ்வீடுகளைக் கரைத்தார்கள். திரும்பி வந்தவர்களுக்குச் சேறு காய்ந்த மேடுதான் இருந்தது.

வருகையாளர் நிலையத்தில் வாங்கிய நூலொன்றில் இதனை வாசித்தபோது நாங்கள் வாகனத்தில் இருந்தோம். அக்காவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. மருமகன்தான், "ஏன் மாமா அவையள் கோட்டுக்குப் போகேல்லை?" என்று கேட்டான். அமெரிக்காவில் பிறந்தவனுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

அவர்கள் போகாத இடமில்லை. ஆனால், முதலில் அவர்கள் செய்தது ஒன்றுதான். எஞ்சியிருந்த வீடுகளை விட்டு அசைய மறுத்தார்கள். வீடு வெறுமையானால் அழிக்கப்படும் என்பதால், குளிரூட்டி இல்லாத மண்வீட்டில் ஐம்பது பாகை வெயிலிலும் சிலர் இருந்துகொண்டார்கள். போலின் எஸ்தேவஸ் என்ற பெண்மணி அந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். 1983 இல் அமெரிக்க அரசு அவர்களை ஒரு பழங்குடி இனமாக அங்கீகரித்தது. ஆனால் நிலம் கொடுக்கவில்லை. 1994 இல் அப்பிரதேசம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டபோதும் கொடுக்கவில்லை. 2000 ஆம் ஆண்டு நவம்பரில்தான் ஜனாதிபதி கிளின்டன் டிம்பிஷா ஷொஷோனி தாயகச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பூங்காவுக்கு உள்ளும் புறமுமாக 7,754 ஏக்கர் அவர்களுக்கு மீளக் கிடைத்தது. அதில் 314 ஏக்கர் பேர்னஸ் கிறீக்கில், பழைய குடியிருப்பைச் சூழவுள்ளது.

ஞாயிறு காலை அக்குடியிருப்பை வீதியோரத்தில் நின்று பார்த்தோம். மக்கள் வாழும் இடமாகையால் உள்ளே சென்று படமெடுப்பது முறையன்று. சவுக்கை ஒத்த மரங்கள் சில, தகர உடலுடைய நடமாடும் வீடுகள், அவற்றுக்கிடையே பழைய மண்கல் வீடுகள் சில. ஒரு வீட்டின் முன்னால் முச்சக்கர மிதிவண்டி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. சுற்றுலா வாகனங்கள் வேகம் குறைக்காமல் சென்றுகொண்டிருந்தன. பூங்காவின் வருகையாளர் நிலையம் டிம்பிஷா மக்களைப் பற்றியும் இன்று சொல்கிறது என்பதைக் குறிப்பிடாவிட்டால் அது நேர்மையாகாது. இருப்பினும், இரண்டு நாட்களில் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட கட்டடங்களில், குடியிருந்தவர்களே தாம் தொடர்ந்து குடியிருப்பதற்காகக் காத்துக்கொண்டவை அந்த மண்வீடுகள் மட்டுமே.

"தம்பி," என்றார் அக்கா. "கிணத்துக் கட்டு இருக்குதோ?"

"இருக்கு அக்கா. ஒரு பக்கம் வெடிச்சிருக்கு."

"தண்ணி?"

"இருக்கு. குப்பை விழுந்து கிடக்கு. பாவிக்கேலாது."

அதன்பின் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்துசேரும் வரை அவர் காணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆயத்தமாக வந்தபோது, அக்கா வீட்டுச் சேலையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "இப்ப வேண்டாம், தம்பி. முதல்ல கிணத்தை இறைச்சுவிடு. காசு நான் அனுப்புறன்" என்றார்.

நான் வாதாடினேன். வாங்க நின்றவர் போய்விடுவார், யாருமில்லாத காணிக்கு வேலி எதற்கு, கிணறு எதற்கு என்றெல்லாம் சொன்னேன். காணியை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களையும், விற்றுக் கடன் தீர்த்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது பிழையென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விற்பதென்று சொல்லி இவ்வளவு தூரம் வந்தவனும் நான்தான். ஆனால், குடியில்லாத வீடு என்ற சொல்லை முதல்நாள் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் நானே அல்லவா?

பத்திரம் ஒப்பமில்லாமலேயே கொழும்பு திரும்பியது. வாங்க நின்றவர் சில மாதங்கள் பொறுத்துவிட்டு வேறு காணி பார்த்துக்கொண்டார். அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்று, நீரிறைக்கும் இயந்திரத்தோடு இருவரைப் பிடித்துக் கிணற்றை இறைப்பித்தேன். முதல் இரண்டு நாட்களும் சேறும் துருப்பிடித்த தகரமும் செத்தைகளுமே வந்தன. மூன்றாம் நாள் பிற்பகல் நீர் தெளிந்தது. குடித்துப் பார்த்தேன். எங்கள் கிணறு எப்போதும் நல்ல தண்ணீர்க் கிணறுதான்.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில் இரண்டு வாழைக்குட்டி வைத்துவிடச் சொன்னார். அயலில் திரும்பிவந்து குடியேறியிருக்கும் குடும்பமொன்று அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அதற்குப் பதிலாக அவர்கள் அந்தக் கிணற்றில் குடிநீர் அள்ளிக்கொள்கிறார்கள்.